மூணு கோட்டும் காயட்டும்

நெயில் பாலிஷ் போடுவது ரொம்பச் சின்ன வேலை. அது காயும் வரை கையை விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வேலை, அந்தப் பழக்கம் நம் வீட்டுப் பெண்கள் யாருக்கும் கிடையாது. கடைசி விரலுக்குப் போவதற்குள் குக்கர் விசில் அடிக்கும். கேஸ்காரர் வந்து நிற்பார். "என் நீலச் சட்டை எங்குட்டுக் கிடக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பாதி காய்ந்த நகத்தோடு எழுந்து ஓடி, திரும்பி வந்து பார்த்து வயிறெரிந்த அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். நீங்களும் என் கட்சிதான்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, செருப்புப் பெட்டி நிறைய பாட்டில்கள். இதுதான் என் கடை. அதற்கு முன்னால் ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தேன். காலையில் போனால் கடை சாத்தும் வரை நின்றுகொண்டேதான். உட்கார ஒரு முக்காலி கிடையாது. சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கும். அங்கே நின்றவர்களுக்குத் தெரியும் அந்த வலி. ஒரு நாள் போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் புதுவயல் ரைஸ்மில்லில் சூப்பர்வைசர், அவர் சரி என்றுவிட்டார். என் மாமியார்தான் கெடு வைத்தார். தை பிறப்பதற்குள் ஒரு கல்யாணப் பெண்ணாவது என்னிடம் கையை நீட்டினால் கடை இருக்கட்டும், இல்லாவிட்டால் பழையபடி துணிக்கடைக்குப் போக வேண்டியதுதான். அதைச் சொல்லிவிட்டு என் முன்னறையை ஒரு சுற்று பார்த்தார் அத்தை. "கையை விரிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதுக்கு ஒரு கடையா? நல்லா இருக்கு கூத்து."

மீசையில் ஜிகினா

கற்றுக்கொண்டதெல்லாம் என் கைமேல்தான். கை நகம் போதாமல் கால் நகத்தையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். கறுப்புக்கு மேல் மினுங்கும் நீலத்தைப் போட்டால் மயில் கழுத்து நிறம் வரும். அதே நீலத்தை வெள்ளைக்கு மேல் போட்டால் பிளாஸ்டிக் வாளி நிறம் வரும். ஃபேனுக்கு நேராகக் காயவைத்தால் கொப்புளம் கிளம்பும். இதிலெல்லாம் பெரிய வில்லன் ஜிகினா. போடும்போது குழந்தை மாதிரி சொன்னபடி கேட்கும், எடுக்கும்போது உயிரை வாங்கும். ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, கொஞ்சம் பொறுத்து இழுத்தால் வழித்துக்கொண்டு வரும். அது தெரியாத காலத்தில் சுரண்டித்தான் எடுத்தேன். சுரண்டியது பாய், தலையணை, துண்டு என்று வீடு முழுக்கக் குடியேறிவிட்டது.

அந்தத் துண்டில் முகத்தைத் துடைத்துவிட்டு என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போயிருக்கிறார். வெயிலில் லாரிக்குப் பக்கத்தில் நின்றபோது மீசை பளபளவென்று மின்னியிருக்கிறது. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாராம். "தவிடு ஒட்டுன மீசையைத் தினம் பார்க்குறோம், ஜிகினா ஒட்டுன மீசையை இன்னைக்குத்தான் சார் பார்க்குறோம். நாடகம் கீடகம் ஏதும் போடுறீகளா?"

இடது கை ஆட்கள்

என் முதல் வாடிக்கை எதிர்வீட்டு வசந்தா டீச்சர். ஆசை ஆசையாய் வந்து நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். அஞ்சு விரலும் முடித்து, "அடுத்த கை டீச்சர்" என்றேன். அவர் பையிலிருந்து பரீட்சைப் பேப்பர் கட்டை எடுத்து வலது கையால் திருத்த ஆரம்பித்துவிட்டார். வலது கை சோறு பிசைகிற கை, அதற்குப் பாலிஷ் வேண்டாம் என்றார். சரி, இவர் மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். அடுத்து வந்தவரும் இடது கை, அதற்கு அடுத்தவரும் இடது கை. வலது கைகளைப் பார்க்காமலே என் கடை காலம் தள்ளிவிடும் போலிருந்தது.

ரெண்டு கையும் ஒரே மாதிரி இருந்தால்தானே அழகு என்று டீச்சரிடம் மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். சிவப்பு மையில் ஒரு பெரிய தப்பைச் சுழித்துவிட்டு நிமிர்ந்தார். "அழகு கிடக்கட்டும்டி. ரெண்டு கையையும் உங்கிட்டக் கொடுத்துட்டு உட்கார்ந்தா எங்க வீட்டுல அடுப்பை யாரு பத்த வைக்கிறது?"

பந்திக்குப் போன கை

ரெண்டு கையையும் துணிந்து நீட்டிய முதல் ஆள் ஒரு காலேஜ் பெண். பால் வெள்ளை, அதன்மேல் வெள்ளித் தூள். பார்க்கப் பார்க்க எனக்கே கண் நிறைந்தது. அக்காள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போகிறேன் என்றாள். நன்றாகப் போய் வா என்று அனுப்பினேன். நம் ஊர் விசேஷம் என்றால் பந்தி உண்டு, பந்தி என்றால் சாம்பார், காரக்குழம்பு, கூட்டு எல்லாவற்றிலும் மஞ்சள்தூள் உண்டு என்பது எனக்கு ஏன் தோன்றவில்லையோ தெரியவில்லை. வெள்ளைமேல் கறை பிடிக்காமலிருக்க நிறமில்லாத மேற்பூச்சும் போடாமல் விட்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள். இடது கை பால் மாதிரி அப்படியே இருந்தது. வலது கை ஐந்தும் பழுத்த எலுமிச்சை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இனி வெள்ளை கேட்பவர்களிடம் ஸ்பூனால் சாப்பிடுவீர்களா என்று முதலில் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். அவளோ ரெண்டு கையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அக்கா, இது பையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கை, இது பந்திக்குப் போன கை. ரெண்டையும் ஒரே வீட்டுக் கையா ஆக்கி விடுங்க."

அஸருக்கு முன்னால்

எங்கள் தெருமுனையில் மெஹர் இருக்கிறாள், கணவர் மலேசியாவில். அவளுக்கு நிறமென்றால் உயிர். ஆனால் ஐந்து வேளையும் தொழுகிறவள். தொழுகைக்கு முன் ஒளு எடுத்துக் கை கால் கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும், பாலிஷ் இருந்தால் படாது. அதனால் வருவாள், பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள், பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி, அடியில் ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் மேலே பாலிஷ் போட்டுப் பார்த்தேன். ஓரத்தை நெம்பினால் ஒரே உரியாக வந்தது.

அவள் மாமி மகள் கல்யாணத்தன்று மத்தியான லுஹர் தொழுதுவிட்டு ஓடி வந்தாள். பச்சை, மேலே தங்க ஜிகினா. விருந்தில் எல்லார் கண்ணும் அவள் கையில்தானாம். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் வீட்டுக்குப் போய்ப் பத்தையும் உரித்து, நாம் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைப்போமே அது மாதிரி, கண்ணாடியில் வரிசையாக ஒட்டி வைத்துவிட்டுத் தொழுதிருக்கிறாள். சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னாள்: "நகம் சுத்தமா இருக்குக்கா, நிம்மதியாத் தொழுதேன். கண்ணாடியில இருக்கிற பத்தையும் அடுத்த கல்யாணத்துக்கு அவுக ஒட்டிக்கலாமான்னு எங்க மாமி கேட்குறாக."

பட்டுச்சேலை அச்சு

கார்த்திகையும் பாதி ஓடிவிட்டது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. இந்த மாதத்தை விட்டால் துணிக்கடைதான் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது வசந்தா டீச்சர் வழியாக ஒரு கல்யாணப் பெண் கிடைத்தாள். உமையாள் என்று பெயர், டீச்சரிடம் படித்தவள், சென்னையில் வேலை. கானாடுகாத்தானில் அவர்கள் பூர்வீக வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்து வெள்ளையடித்திருந்தார்கள். விடியுமுன்பே போய்விட்டேன். அரக்குச் சிவப்பு, மூன்று கோட். பெரிய இடத்துக் கல்யாணம், கஞ்சத்தனம் பண்ணினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொரு கோட்டையும் தாராளமாக இழுத்தேன். இந்தத் தொழிலுக்குத் தாராளம் ஆகாது. மெல்லிசாகப் போட்டுக் காயவிட்டு, மறுபடி மெல்லிசாகப் போட வேண்டும். தடியாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே அல்வா மாதிரி இருக்கும். தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

உமையாளுக்குப் பட்டு கட்டினார்கள். கொசுவ மடிப்புக்குள் விரலை விட்டு ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டுவிட்டுக் கையைப் பார்த்தால், பத்து நகத்திலும் சேலையின் நெசவு இழை இழையாக அச்சுக் குத்தியிருக்கிறது. "அக்கா, போச்சா?" என்றாள் மெதுவாக. அழித்துப் போட நேரமில்லை, வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. துணிக்கடை வாசல்படி கண்ணுக்குத் தெரிந்தது. தங்க நிற பாட்டிலை எடுத்து, தூரிகையைத் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் ஒவ்வொரு நகத்தையும் லேசாக வருடினேன். மேடாக இருந்த இழைகளில் மட்டும் தங்கம் பிடித்தது. நகத்தில் ஜரிகை ஓடியது. அந்த நேரம் பார்த்து உமையாளின் அம்மா மீனா ஆச்சி உள்ளே வந்து மகள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உமையாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சேலையில இருக்கிற ஜரிகையை நகத்துலயும் நெய்துட்டியேத்தா, முன்னாடியே சொல்ல மாட்டியா? சம்பந்தி வீட்டு ஆச்சிமாரு அங்குட்டு இருக்காக, அவுகளுக்கும் இதே மாதிரி போட்டு விடு."

வலது கைக்கும்

அதற்குப் பிறகு "சேலை நகம்" கேட்டு போன் வர ஆரம்பித்தது. தப்பாக வந்ததைச் சரியாக வரவழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பாலியெஸ்டர் துணியில் அச்சே விழவில்லை. துண்டு வைத்து அமுக்கினால் நகத்துக்குப் புல்லரித்த மாதிரி ஆனது. மார்கழி முழுக்க என் நகம் பத்தும் சோதனையிலேயே கிடந்தது. கல்யாணப் பெண் கிடைத்தும், கடை இருக்கட்டும் என்ற வார்த்தை மட்டும் அத்தையிடமிருந்து இன்னும் வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அத்தை கிழிந்த கண்டாங்கிச் சேலையின் ஒரு துண்டோடு முன்னறைக்கு வந்தார். "இது கெட்டி நெசவு, இதை வச்சுப் பாரு" என்றார். என் நகத்தில் இடமில்லை என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார்.

இழை அச்சு அருமையாக விழுந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் கையில் கரண்டியோ துடைப்பமோ இல்லாமல் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அப்போது பின்கட்டிலிருந்து என் மாமனார், "காப்பி என்னாச்சு?" என்றார். அத்தை இடது கையைப் பார்த்தார். சும்மா கிடந்த வலது கையைப் பார்த்தார். "இதுக்கும் போடு" என்று நீட்டினார். போட்டேன். பிறகு உள்ளே பார்த்து, கை ரெண்டும் ஈரம், பால் அடுப்பில் இருக்கிறது, ஆற்றிக்கொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். அடுப்படியில் எதுவோ உருண்டது.

மாமா கலந்த காப்பி வருவதற்குள் அத்தையின் போன் அடித்தது. துணிக்கடை மேனேஜர். கெடு வைத்தபோதே தைக்கு முன்னால் கூப்பிடச் சொல்லி வைத்திருந்தவர் அத்தைதான். கை ஈரமாக இருந்ததால் போனை நான்தான் அவர் காதில் பிடிக்க வேண்டியிருந்தது. பொங்கல் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை, மருமகளை நாளைக்கே அனுப்புங்கள் என்று மேனேஜர் பேசுவது எனக்கும் கேட்டது. அத்தை பத்து விரலையும் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே பதில் சொன்னார். "அவ எப்படி வருவா தம்பி? என் ரெண்டு கையும் இப்ப அவகிட்டல்ல இருக்கு. அவளுக்கு இங்கன உட்கார்ந்து பார்க்கிற வேலை நிறையக் கிடக்கு, நீங்க வேற ஆள் பாருங்க."

இத்தனை நாளில் இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: கோட் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அது காயும் வரை அந்த வீட்டு ஆம்பளை சர்க்கரை போட மறந்து கலந்த காப்பியை நாம் முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.