கீதம் முடியும்வரை எரியும் விளக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா. விவாதப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தேசிய கீதம் தொடங்கியதும் மண்டபமே உறைந்துவிட்டது. தேநீர்த் தட்டோடு வந்தவர் ஒரு கால் படியிலும் மறுகால் தரையிலுமாக நின்றார். வாசலில் ஒரு ஓட்டோக்காரரை அதட்டிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு விறைத்து நின்றார். அதட்டு வாங்கியவரும் அப்படியே. மின்விசிறிகள் மட்டும் சுழன்றன. அத்தனை பேரும் மூச்சுவிடும் பொம்மைகள். அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது: இந்தப் பாட்டு முடியும்வரை யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது!

நினைத்தது அம்மாவின் விளக்குகளை.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் சிறு மண்சிட்டி விளக்குகள் ஏற்றி வைப்பது அம்மாவின் வழக்கம். ஆனால் போரில் இறந்த போராளிகளுக்கு விளக்கேற்றும் மாவீரர் நாளும் அதை ஒட்டியே வருவதால், அந்த நாட்களில் தமிழர் வாசலில் விளக்கெரிந்தாலே சிலருக்குச் சந்தேகம். போன வருடம் சீருடை போடாத இருவர் மாடியேறி வந்து, யாரை நினைத்து இந்த விளக்கு என்று கேட்டார்கள். முருகனுக்கு என்றாள் அம்மா. ஊதி அணைக்கச் சொன்னார்கள். விளக்கை வாயால் ஊதக்கூடாது, பூவால்தான் அணைப்போம். அம்மா ஊதினாள், ஒவ்வொன்றாக. அதன்பிறகு சாமியறையில்கூட அவள் தன் கையால் விளக்கேற்றவில்லை. அவளை மறுபடி ஏற்ற வைக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

இந்த வருடம் தொடர்மாடிச் செயலாளர் முந்திக்கொண்டார்: பொது நடைவழியில் விளக்கு வைக்கத் தடை.

"பாட்டுப் பாடி விளக்கைக் காப்பாத்தப் போறியோ? உனக்கு விசர்," என்றாள் அம்மா.

"தேசிய கீதம் பாடினதுக்கு ஆரம்மா பிடிப்பினம்?"

"பிடிக்கிறவைக்கு அதுவும் ஒரு சாட்டுத்தான்."

எதிர்வீட்டு முஸ்லிம் அன்ரி கதவிடுக்கால் சிரித்தார். "நானும் பாடுறேன் புள்ள. கதவ மட்டும் தொறக்க மாட்டேன்."

விளக்கீட்டு மாலை, மழைக்கு முந்திய இருட்டு. அம்மா தீப்பெட்டியைத் தொடவில்லை, நானே ஏற்றினேன். காவற்காரர் வாளித் தண்ணீரோடு வந்தார், முன்பு இராணுவத்தில் இருந்த சிங்களவர், தங்கச்சி என்பதற்கு என்னை நங்கி என்பார். "நங்கி, கோவிக்க வேணாம். செக்ரட்டரி மாத்தயா தண்ணி ஊத்த சொன்னது."

நான் கீதத்தைத் தமிழில் தொடங்கினேன், சிங்களத்துக்கும் அதே மெட்டுத்தான். வாளி கீழே இறங்கியது. குதிகால்கள் ஒட்டின, கைகள் விலாவோடு இறுகின.

இரண்டு வரிதான். அதற்கு மேல் சொல் வரவில்லை. பள்ளியில் காலைதோறும் சிங்களத்தில் பாடியது முழுதாக நினைவிருக்கிறது. தமிழில் அந்த இரண்டு வரிக்கு மேல் ஒன்றுமே இல்லை. வெறும் மெட்டை முனகினேன். எதிர்க்கதவுக்குப் பின்னால் அன்ரியும் முனகினார், பிறகு அடுத்த கதவு, கீழ்மாடி. அவர்களுக்கும் சொற்கள் தெரியவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. கட்டடமே வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல் அந்த முனகல் படிக்கட்டு வழியே இறங்கிப் போய், அடியில் ஓய்ந்தது.

காவற்காரரின் கை வாளியை நோக்கி நகர்ந்தது.

அப்போது நடைவழியின் கோடி வீட்டிலிருந்து மெட்டு மறுபடி தொடங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் கனடாவில். கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. காவற்காரரின் கண்கள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பின. கடற்காற்று ஒரு விளக்கை அணைத்தது. நானும் அசையவில்லை, அசைய முடியவில்லை.

அம்மா வெளியே வந்தாள். நானும் காவற்காரரும் நின்ற இடத்தில் நிற்க, அவள் ஒருத்தி மட்டும் நடந்தாள். குனிந்து, அணைந்த திரியைத் தூண்டி, தீக்குச்சி உரசி ஏற்றினாள்.

கீதம் நின்றது. காவற்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டார். "எண்ணெய் முடியட்டும், நங்கி," என்றவர் பூட்டிய கதவைப் பாராமல் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

மறுநாள் அன்ரியிடம் கேட்டேன். "அந்தக் கோடியில நிண்டு பாடினது நீதான்னு நெனச்சேன் புள்ள," என்றார்.

பெப்ரவரியில், சுதந்திர தினத்துக்கு, கீழே கொடியேற்றுவார்கள். ஏற்றுபவர் அதே செயலாளர். சிங்களத்தில் பாடி முடிந்ததும், யாரும் கையைத் தளர்த்துவதற்குள் நாங்கள் தமிழில் தொடங்கப்போகிறோம், இம்முறை முழுச் சொற்களோடு. கதவுகளையும் திறக்க வைக்க வேண்டும். அன்ரி இன்னும் ஓம் சொல்லவில்லை. அம்மா குசினியில் பாடிப் பழகுகிறாள். "நீ கெதியாப் பாடுறாய், ஆறுதலாப் பாடு," என்று என்னைத் திருத்துகிறாள். முதல் அடியைத் தானே எடுப்பாளாம்.