எண்ணெய் குடித்த முன்கட்டை

வெர்டி செராமி சமையல் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, துப்பாக்கியின் முன்கட்டையை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி மஞ்சளாகி, பழுப்பாகி, பன்றிக் கறி பொரித்த சட்டியைத் துடைத்தது போல ஆனதும் அதை வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை நனைத்தாள். அசிட்டோன் நெடியில் தீப் பற்றிக்கொள்ளும் என்று பயந்து அடுப்பை அணைத்திருந்தாள். சோறு பாதி வேக்காட்டில் நின்றது.

முன்கட்டை என்பது குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கிற மரம். அதில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். போன தடவை ஒட்டிய இடத்தை ஒட்டியே ஓடி, புதிதாக ஒரு கிளையும் விட்டிருந்தது.

எங்கள் பையூ என்கிற சதுப்பு ஓடைக் கரையில் வாத்து சுடுகிற எல்லோருக்கும் வெர்டியைத் தெரியும். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அதற்கு முன்னால் படகுப் பட்டறையில் கண்ணாடியிழை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை வேலை அங்கே கையில் படிந்தது. வேட்டை சீசன் நெருங்கும்போது யாராவது ஒரு கட்டையைத் துண்டில் சுற்றிப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பதிலுக்கு ஒரு வாளி இறால் வரும். சில சமயம் நன்றிகூட வராது. அவள் ஒட்டியவை எல்லாம் நிற்கின்றன. திரும்பத் திரும்ப உடைவது ஒன்றுதான், அவள் புருஷன் டட்லியுடையது.

அந்தத் துப்பாக்கி டட்லியின் அப்பா கஸ்தூரி எலித் தோல் விற்று வாங்கியது. சுட்டதும் குழலே பின்னால் ஓடிவந்து, காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்கிற பழைய ரகம். ஓடிவரும் குழலை உள்ளே ஒரு வெண்கல வளையம் கவ்விப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். அது கவ்வ வேண்டுமானால் அது மாட்டியிருக்கும், கட்டைக்குள் மறைந்த தோட்டாக் குழாய் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் வளையம் வழுக்கும். குழல் முழு வேகத்தில் வந்து மோதும். அடியெல்லாம் மரத்துக்குத்தான்.

இதை மேட்டு நிலத்துக்காரனிடம் சொன்னால் சரி என்று கேட்டுக்கொள்வான். எங்கள் உப்புக் காற்றில் கதவுக் கீல் முதல் தையல் மிஷின் வரை எண்ணெய் காணாத இரும்பெல்லாம் துருதான். சதுப்பிலிருந்து வந்தால் டட்லி தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னால் எண்ணெய்க் குப்பியைத்தான் தேடுவான்.

பின்கதவு சத்தம் போட்டது. டட்லி ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"இன்னைக்குச் சோறு உண்டா, இல்ல அந்தக் கட்டையத்தான் வேக வைக்கப்போறியா?"

"இதுல வடியுற எண்ணெயில ஒரு கூடை மீன் பொரிக்கலாம். மீனக் கொண்டா."

"உன் பசை சரியில்ல. என்கூட வாத்து சுடுற விட்னியே சொல்றான், படகுக்கு ஒட்டுறதும் துப்பாக்கிக்கு ஒட்டுறதும் ஒண்ணான்னு."

"விட்னியோட கட்டைய ஒட்டினதும் நான்தான். இன்னும் நிக்குது. அவன் பொண்டாட்டி எண்ணெய்க் குப்பிய ஒளிச்சு வச்சிருக்கா, அதான்."

டட்லி சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது, அவனைப் பொறுத்தவரை.

வெர்டி பதில் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள். ஆனால் இந்த முறை துப்பாக்கி அவனுக்கு இல்லை. சனிக்கிழமை சீசன் திறக்கிறது. அன்றைக்கு அது மகள் ரினெலுக்குப் போகிறது, டட்லியே கொடுத்த வாக்கு. போன சீசனில் கட்டை பிளந்தபோது சிலாம்பு டட்லியின் உள்ளங்கையில் ஏறியது. அடுத்தது ரினெலின் கை. ரினெல் வீட்டில் தவழ்கிற குழந்தை இருப்பதால் துப்பாக்கி இங்கேயேதான் இருக்கும், டட்லியின் கைக்கெட்டும் அலமாரியில்.

சாக்பீஸ் பொடியைக் குழைத்து அப்பி, மரம் குடித்திருந்த மிச்ச எண்ணெயையும் உறிஞ்ச வைத்தாள். காய்ந்ததும் விரிசலை மெல்ல விரித்துப் பசையை உள்ளே ஓடவிட்டாள். உட்புறம் மெல்லிய கண்ணாடியிழைத் துணி ஒரு பட்டை. டயர் டியூபைக் கிழித்து மேலே இறுகச் சுற்றினாள். ஒவ்வொரு தடவையும் பழைய பசையைச் சுரண்டிச் சுரண்டி உட்சுவர் காகிதம் போல ஆகியிருந்தது. இன்னொரு தடவை சுரண்ட அதில் மரம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, பேருந்துக்குக் கிளம்பும் முன், குழாயையும் வளையத்தையும் உலரத் துடைத்துக் கட்டையை மாட்டினாள்.

அன்று சாயங்காலம் ரினெல் வந்தாள். மருத்துவமனை வேலை உடுப்பை இன்னும் மாற்றவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்து துப்பாக்கியின் முன்மூடியைத் திருகிக் கட்டையைக் கழற்றிப் பார்த்தாள். ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

"அழகா இருக்கும்மா," என்றாள். அப்புறம் தன் விரலைப் பார்த்தாள். "இது ஏன் ஈரமா இருக்கு?"

குழாய் பளபளவென்று இருந்தது.

வெர்டி கைத்துண்டை எடுத்தாள். துடைக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலைல நான் துடைச்சுட்டுப் போனேன்."

"ஒரு சொட்டுதான்," என்றான் டட்லி காப்பிக் கோப்பைக்குப் பின்னாலிருந்து. "புள்ளைக்குக் குடுக்கிறத துருவோடவா குடுக்கிறது? எங்கப்பா போடாத எண்ணெயா?"

"உங்கப்பா கட்டைய ரெண்டு தடவ மாத்தினாரு. உங்கம்மா சொன்னா."

"அப்பா," என்றாள் ரினெல், "நான் வேணா வேற துப்பாக்கி இரவல் வாங்கிக்கிறேன். சண்டை வேண்டாம்."

"சண்டை இல்ல," என்றாள் வெர்டி. குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. "டட்லி, இங்க பாரு. இது இனி உடைஞ்சா ஒட்ட மரம் கிடையாது. இவ கையிலதான் ஏறும். பிள்ளை தூக்குற கை. இந்தக் குழாயத் தொடமாட்டேன்னு சொல்லு. என்கிட்ட வேண்டாம், அவகிட்ட சொல்லு."

டட்லி மகளின் எண்ணெய் விரலைப் பார்த்தான். காப்பியின் அடி மண்டிவரை குடித்தான். எழுந்து, என்றைக்கும் செய்யாதவன், கோப்பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தான். தண்ணீரைத் திறந்து கழுவினான். மகளிடம் கேட்ட வாக்கைக் கொடுக்காமலே பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.