சாணித் தண்ணீரில் பட்டாம்பூச்சி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தன் நிறம் போதாது என்றான். ஒருத்தன் பல் எடுப்பாக இருக்கிறது என்றான். மூன்றாமவன் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பஜ்ஜியை மட்டும் குறை சொல்லாமல் தின்றுவிட்டுப் போனான். மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு நோண்ட மாட்டார்கள். "இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா ஆர்.கே.பேட்டை ஆளுக்கே ரெண்டாந்தாரமா குட்த்துடுவேன்" என்று நைனா சொல்லிவிட்டார். அந்த ஆளுக்கு என்னைவிட மூத்த மகன் இருந்தான்.

நாலாவது மாப்பிள்ளை மதராஸ் காலேஜில் ஜுவாலஜி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சத்தியவேடு பக்கத்து மலையில் பட்டாம்பூச்சி பார்க்கப் போவதாகவும், வேறு நாள் ஒழியாது என்றும் அவருடைய சித்தப்பா மூலம் சொல்லியனுப்பினார். "அப்டின்னா பொண்ணயும் மலையிலயே பாத்துக்கட்டும்" என்றார் நைனா. விடியுமுன்பே ஆரம்பாக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு எல்லாருமாகப் போனோம். எனக்குப் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், மடியில் பஜ்ஜித் தூக்கு. காட்டுக் குரங்குகள்கூட என்னை ஒரு தினுசாகப் பார்த்தன.

மலையடி ஓடைக்கரையில், ஈர மணல் தெரியாதபடி பட்டாம்பூச்சிகள் அப்பிக் கிடந்தன. சித்தப்பாவோடு அப்போதுதான் வந்து சேர்ந்த மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் இடமாயிற்றே! ஒரு தழைக் கொப்பை ஒடித்துப் பரபரவென்று பெருக்கி, வண்டி மாட்டுச் சாணியைக் கரைத்துத் தெளித்தும் விட்டாள். ஒரு பூச்சி மிச்சமில்லை.

"ஐயோ, இன்னாம்மா பண்ணீங்க!" மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பின்ன, குப்பையிலயா ஒக்காருவீங்க மாப்ள?" என்றாள் அம்மா.

நைனா அம்மாவை முறைத்தார். நான் மனசுக்குள் ஆர்.கே.பேட்டைக்கு மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

வெயில் ஏறியது. முதலில் ஒரு மஞ்சள் பூச்சி வந்து சாணித் தண்ணீரை உறிஞ்சியது. பிறகு வெள்ளை. அப்புறம் கறுப்பில் நீலப் பட்டை போட்டவை கூட்டங்கூட்டமாக இறங்கின, கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல. மாப்பிள்ளை சலவை வேட்டியோடு குப்புற விழுந்தார்.

"மாப்ள, சாணி!" என்று அலறினாள் அம்மா.

"உஷ்! கம்முனு இருங்க!"

நான் பஜ்ஜித் தட்டை நீட்டினேன். பூச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், சாணிக் கையாலேயே துழாவி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மத்தியானம் திரும்பியதும் சித்தப்பா பொறுமை இழந்தார். "ஏம்பா, பொண்ணு புடிச்சிருக்கா, இல்லியா?"

"பொண்ணா? இன்னும் பாக்கல சித்தப்பா" என்றார் அவர், கண்ணாடியை நகர்த்தாமல்.

நைனாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அப்படி ஒரு நிம்மதி. காலையிலிருந்து என் பல்லை அளக்காத ஒரு மனுஷன்! அந்தக் காலத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாத இடம் அது. நான் திறந்தேன்.

"நைனா, எனக்குப் புடிச்சிருக்கு."

அப்போதுதான் அவர் பூச்சியை விட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.