படலையைச் சாத்திய குற்றம்

பத்து நாளைக்கு முன் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். "ஒருத்தரும் உள்ளுக்கு வராதேங்கோ, எனக்கு வைரஸ் காய்ச்சல்!"

புதுக்குடியிருப்பில் இதைவிடப் பெரிய மரியாதைக்கேடு உண்டா? இங்கே ஒருவர் பாயில் விழுந்தால் ஊரே சுகம் விசாரிக்க வரும். பிஸ்கட் பெட்டியோடு வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகும். வராதவரையே பேசித் தீர்ப்பார்கள். வரவேண்டாம் என்றவளை...?

பக்கத்து வீட்டு இராசமலர் அக்கா படலைக்கு வெளியே பிஸ்கட்டோடு நின்றார். அவரின் தங்கச்சி பிள்ளை பெற்று அப்போது பன்னிரண்டு நாள்; அவர் வீட்டில்தான் இருந்தாள்.

"நானென்ன பிறத்தியாளே ரீச்சர்? படலையைத் திறவுங்கோ."

"அக்கா, வீட்டில பச்சைப்பிள்ளை. அதுக்குத் தொத்தினால் என்ன செய்வியள்?"

"நாங்களும் பிள்ளை வளர்த்தனாங்கள்தான். எங்களுக்குப் படிப்பிக்காதேங்கோ!"

வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் படலையைத் திறக்கவில்லை.

படிப்பிப்பதுதானே என் தொழில்! உயர்தர வகுப்புக்கு உயிரியல் ரியூசன். உடம்பைக் கட்டியிருக்கும் கோடிக்கணக்கான கலங்களில் ஒன்றுக்குள் வைரஸ் புகுந்தால் என்ன நடக்கும்? களவாக நுழைந்த அந்த மரபுப்பொருளைக் கலத்துக்குள் இருக்கும் உணரிகள் பிடித்துவிடும். உடனே கலம் இன்ரபெரோன் என்ற புரதத்தை வெளியே அனுப்பும். அது பக்கத்துக் கலங்களுக்கான எச்சரிக்கை. வைரஸ் வந்தாலும் பெருக முடியாதபடி அவை தயாராகிவிடும். எச்சரித்த கலம் பல வேளை தப்புவதில்லை. ஆனாலும் சும்மா சாவதில்லை — சொல்லிவிட்டுத்தான் சாகிறது!

எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்ததிலும் இந்த இன்ரபெரோனுக்குப் பங்குண்டு. ஆனாலும் அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியதை வீட்டில் செய்தால் மட்டும் திமிரா? காய்ச்சலை மறைத்துக்கொண்டு கலியாணப் பந்தியில் பரிமாறுகிறவர் நல்லவர். உண்மையைச் சொல்லித் தனியே கிடப்பவள் கெட்டவள். அப்படியென்றால் நான் கெட்டவள்தான்... எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது. அக்கா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். வலிக்கிறது, ஏன் மறைப்பான்?

"ஒருக்கால் போய் மன்னிப்புக் கேளுமன்" என்கிறார் என் கணவர். எதற்கு? நான் கேட்கமாட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தை, காய்ச்சல் ஏதும் தொத்தாமல், தொண்டை கிழியக் கத்துகிறது. கத்தட்டும்!