எட்டாம் பக்கத்துப் புள்ளிகள்

கல்லூரியில் அவளைப் புள்ளி மேடம் என்பார்கள். பட்டப்பெயர் வைத்த மாணவர்களுக்கே இப்போது கல்லூரி வயதில் பிள்ளைகள் இருக்கும். பெயர் மட்டும் போகவில்லை. கரும்பலகையில் பதினைந்து புள்ளி வைக்காமல் அவள் கணிதப் பாடம் தொடங்கியதில்லை.

அது ஒரு குட்டி உலகம். மொத்தமே பதினைந்து புள்ளிகள். கோடு என்றால் மூன்று புள்ளி, தளம் என்றால் ஏழு; ஆனால் எந்த மூன்றும் கோடாகிவிடாது, எது கோடு என்று விதி உண்டு. ஒரு புள்ளியும் விடுபடாமல், ஒன்றே இரண்டு இடத்தில் சேராமல் பங்கு பிரிக்க வேண்டும். ஐந்து கோடுகளாகப் பிரிக்கலாம், வம்பில்லை. ஒரு தளம், ஒரு கோடு, ஐந்து ஒற்றைப் புள்ளிகள் என்றால்? கூட்டினால் பதினைந்துதான். ஆனால் நடக்காது. அங்கே எந்தக் கோடும் எந்தத் தளத்தையும் தொட்டே தீரும். ஒரு தளம் ஏழு புள்ளிகளை வளைத்துக்கொண்டால் மிச்சம் எட்டும் தனித்தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

இதைவிடப் பல மடங்கு பெரிய உலகில் ஒரு பிரிவினை உண்டு என்று நிறுவ அவளுக்கு ஏழு வருடம் ஆனது. தங்கை போன் செய்தால், "என்னக்கா, பங்கு பிரிச்சாச்சா? எனக்கு எவ்ளோ?" என்று சிரிப்பாள்.

எழுதிய கட்டுரையைப் படிக்க ஆள் வேண்டுமே. பக்கத்து அறைப் பேராசிரியர் ஒருவருக்குத்தான் அந்தக் கட்டடத்தில் அது புரியும். கொஞ்ச நாள் வைத்திருந்து, "வரிக்கு வரி படிச்சேன் மேடம். அற்புதம்" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தான் நடந்த வழியில் இன்னொருவரும் நடந்திருக்கிறார், அது போதும் என்றிருந்தாள்.

ஒருநாள் வகுப்பில், "கூட்டல் சரியா வந்தா மட்டும் போதாதுப்பா" என்று சொல்லும்போதே சாக்பீஸ் நின்றது. கட்டுரையின் எட்டாம் பக்கம். மிஞ்சிய புள்ளிகள் மூன்றால் வகுபடுகின்றன என்பதற்காக, அவற்றைக் கோடுகளாகப் பிரித்துவிட்டதாக எழுதியிருந்தாள். பிரிக்க முடியுமா என்று பார்க்கவே இல்லை. பாடத்தின் முதல் நாளே பிள்ளைகளிடம் செய்யாதே என்று சொல்லும் தப்பு! இது அவர் கண்ணில் எப்படிப் படாமல் போனது?

கட்டுரையை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், எட்டாம் பக்கத்துல ஓட்டை இருக்கு."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். விரல் மெல்ல ஊர்ந்தது.

"கூட்டினா சரியாத்தானே மேடம் வருது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "அதுவரைக்கும் படிச்சீங்களா சார்?"

"படிச்சேனே... மேலோட்டமா..."

கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அந்த வழியில் நடந்தது தான் ஒருத்தி மட்டும்தான் என்ற துக்கம்தான் வந்தது. தன் அறைக்கு வந்து, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் மாடிப்படியில் அவர் பின்னாலேயே வந்தார். "மேடம், சரி பண்ணி எழுதினா குடுங்க. இந்தத் தடவை சத்தியமா வரிக்கு வரி படிக்கிறேன்."

"குடுக்கிறேன் சார்" என்றாள். வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள்?