நாய்க்குட்டியைப் பொடக்காலிக்குப் பழக்கியது

மாமா அந்த நாய்க்குட்டியைப் பொள்ளாச்சியிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். காந்திபுரத்தில் கண்டக்டர் கேட்டபோது உள்ளே நாட்டுக்கோழி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சிறிது தூரம் போனதும் கோழி குரைத்துவிட்டது. கண்டக்டர் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார் என்று மாமா சொன்னார்.

அப்போது நாங்கள் மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் புதிதாகப் பிரித்த மனைகளில் கடைசி வரிசையில் குடியிருந்தோம். வீட்டின் பின்புறத்தை எங்கள் பக்கம் பொடக்காலி என்பார்கள். எங்கள் பொடக்காலியில் ஒரு முருங்கை மரமும், துவைக்கும் கல்லும், அப்பாவின் இடுப்புயரத்துக்கு ஒரு சுவரும் இருந்தன. சுவருக்கு அந்தப்புறம் பாக்குத் தோப்பு. தோப்புக்கு அந்தப்புறம் மலை.

நாய்க்குட்டி வேண்டும் என்று மாமாவிடம் கேட்டது நான்தான். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

“அம்மணி கேட்டுதுல்லக்கா, பாவம்” என்றார் மாமா.

“கேட்டா உடனே தூக்கீட்டு வந்துபோடறதா? தம்பி தவந்துட்டுத் திரியறான். கீழ கெடக்கறது எல்லாத்தையும் வாயில வெச்சுக்கறான். ஊட்டுக்குள்ள ஒருக்கா அசிங்கம் பண்ணுச்சுன்னா வாசல்லதான் கட்டுவேன். இப்பவே சொல்லிபோட்டேன்.”

“பழக்குனா பழகிக்கும்க்கா. மச்சானையே நீ பழக்கிபோட்டே.”

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு காபியைக் குடித்தார். காய்கறி மண்டிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவர், விடியும் முன்பே கிளம்புகிறவர். அவருக்குத் தூக்கம் கெடக்கூடாது என்பது வீட்டின் முதல் சட்டம். குட்டி வந்த அன்றே அதை மீறியது. சமையலறை மூலையில், சாக்குமேல் படுக்கவைத்து விளக்கை அணைத்ததும் அழத் தொடங்கியது. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. மூச்சை இழுத்து இழுத்து, ஒரு குழந்தை வாய்பொத்தி அழுவது போன்ற சத்தம். நான் பாயை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் படுத்து, அதன் வயிற்றில் கை வைத்திருந்தேன். கையை எடுத்தால் மறுபடி தொடங்கும்.

அந்த வாரத்திலேயே பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிவிட்டது. எதிர்வீட்டு அக்கா செல்போனில் அந்த வீட்டு கேமராப் படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார்.

“ஏனுங்க்கா, பாருங்க. இங்கதானுங்க படுத்திருக்குது. இப்பப் பாருங்க. இல்ல பாத்தீங்களா? செயின் மட்டும் கெடக்குதுங்க.”

நான் அம்மாவின் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறப் படம். வாசலில் ஒரு நாய் தூங்குகிறது. மதிலின் மேல் ஏதோ வழிந்து இறங்குகிறது. பிறகு வாசல் காலியாக இருக்கிறது. சத்தமே இல்லாத படம் அது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

சிறுத்தை நாயைத் தின்னும் என்பது எனக்குப் புரிந்தது. எனவே என் கணக்கு எளிதாக இருந்தது. குட்டி வீட்டுக்குள் அசிங்கம் செய்தால் அம்மா அதை வாசலில் கட்டுவாள். வாசலில் கட்டினால் அது செத்துப்போகும். குட்டி இரவில் அழும் ஒவ்வொரு முறையும், எங்கள் வீட்டு விலாசத்தை அது மலைக்கு உரக்கச் சொல்வதாக எனக்குத் தோன்றியது.

மாமா சொல்லிக்கொடுத்த முறைப்படி பழக்கினேன். பால் குடித்ததும் தூக்கிக்கொண்டுபோய் முருங்கையடியில் விடவேண்டும். தினமும் அதே இடம். போய் முடித்ததும் ஒரு துண்டு வர்க்கி பிஸ்கட். பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இடையில் தவறுகள் நடந்தன. பீரோவுக்கு அடியில் ஒருமுறை, அப்பாவின் செருப்பில் ஒருமுறை. யாரும் பார்ப்பதற்குள் துடைத்துப் பினாயில் ஊற்றினேன்.

“இந்நேரத்துல ஏங்கண்ணு பினாயில் வாசம்?”

“தம்பி தண்ணியக் கொட்டீட்டான்மா.”

அம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். எச்சரிக்கை மட்டும் செய்தாள். “இன்னொருக்கா வாசம் வந்துச்சுன்னா, அப்பறம் என்னையக் கேக்கக்கூடாது.”

அதற்குப் பிறகு வாசம் வரவில்லை. குட்டி தானாகவே பொடக்காலிக் கதவைக் காலால் பிறாண்டிக் கேட்கக் கற்றுக்கொண்டது. இரவு அழுகையும் குறைந்தது. “பரவால்லையே” என்று அம்மா ஒருநாள் சொன்னாள். என் ரேங்க் கார்டுக்குக்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஓர் இரவு பிறாண்டும் சத்தத்தில் விழித்தேன். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குட்டி கதவருகே நின்று என்னைப் பார்த்தது. அது சரியாகத்தான் கேட்கிறது. நான் எழாவிட்டால் தரையில் போய்விடும், காலையில் வாசலில் செயின் மாட்டப்படும். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, சத்தம் வராமல் தாழ்ப்பாளை நீக்கினேன். விளக்கைப் போட்டால் அப்பா விழித்துக்கொள்வார் என்று போடவில்லை.

படி இறங்கியதும் குட்டி நின்றுவிட்டது. முருங்கையடிக்குப் போகவில்லை. “போ, போ” என்று மெதுவாகத் தள்ளினேன். அதன் முதுகு மயிர் என் உள்ளங்கையில் குத்தியது. அத்தனை இரவுகள் அழுத குட்டி, அன்று வாயைத் திறக்கவே இல்லை. என் கால்களுக்கு இடையில் நுழைந்து நடுங்கியது. பிறகு என் பாதத்தின் மேலேயே போய்விட்டது. வெதுவெதுவென்று விரல்களுக்கிடையில் இறங்கியது. இவ்வளவு நாள் பழக்கியும் இப்படிச் செய்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது. இடத்தைக் காட்டலாம் என்று முருங்கையை நோக்கி நான் இரண்டடி வைத்தேன்.

சுவருக்கு அந்தப்புறம் ஒரு பாக்கு மட்டை முறிந்தது. தோப்பில் மட்டை விழுந்துகொண்டேதான் இருக்கும். இதுவும் விழுந்ததுதான் என்று நினைத்தேன்.

அடுத்த நொடி, என் தோள் பின்னாலிருந்து இழுபட்டது. அம்மா. என்னை ஒரு கையிலும் குட்டியை ஒரு கையிலும் உள்ளே இழுத்து, தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். பிறகு என் கன்னத்தில் அறைந்தாள். அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் உட்கார்ந்து, ஈரத்துணியால் என் பாதங்களைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

“காலு மேலதாம்மா போச்சு. ஊட்டுக்குள்ள போகல” என்றேன்.

“இனிமே அது ஊட்டுக்குள்ளயே போகட்டும்” என்றாள் அம்மா. “எங்க வேணா போகட்டும். நான் தொடச்சுக்கறேன். நீ அந்தக் கதவத் தொறக்கக்கூடாது.”

காலையில் எழுந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். மண்டிக்குப் போகவில்லை. தோப்புப் பக்கம் சுவரோரமாக நின்று, ஈரமண்ணை மண்வெட்டியால் நீளத்துக்குக் கொத்திப் புரட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தபோது, இன்னும் கொத்தாத மண்ணில் என் உள்ளங்கையளவு பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். குட்டி எப்போதோ சுவரைத் தாண்டிப்போய் அங்கே அசிங்கம் செய்துவிட்டது, அதைத்தான் மூடுகிறார் என்று நினைத்து, அதன் சார்பில் வெட்கப்பட்டேன்.

சமையலறையில் அம்மா பழைய பேப்பர்களை விரித்துக்கொண்டிருந்தாள். பொடக்காலிக் கதவின் உச்சியில், முக்காலி போட்டாலும் எட்டாத உயரத்தில், புதிதாக இன்னொரு தாழ்ப்பாள் ஏறியிருந்தது. குட்டி அந்தக் கதவைப் பிறாண்டிப் பிறாண்டிப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தபடி பேப்பரில் போனது. அம்மா அதன் தலையைத் தடவி, வர்க்கி கொடுத்தாள்.

அன்று பள்ளியில் என் தோழியிடம், நான் இத்தனை பாடுபட்டுப் பழக்கியதை எங்கள் அம்மா ஒரே நாளில் கெடுத்துவிட்டாள் என்று ஆத்திரத்தோடு குறை சொன்னேன்.