வெள்ளைக் காயும் வெள்ளைப் பூவும்

என் வீட்டுக்காரர் போனில் செஸ் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு ஒரு எதிரி. ஆளைப் பார்த்தது கிடையாது. ஆப்புக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, இவர் ஆடத் தொடும்போதெல்லாம் கறுப்புக் காயாகப் பார்த்துத் தள்ளிவிடுகிறானாம். குருவிநத்தத்தில் கரும்பு போட்டுவிட்டு, பம்புசெட் நிழலில் படுத்து ஆடும் ஒரு மனிதரைக் கவிழ்க்க எங்கேயோ ஒருத்தன் வேலைவெட்டி இல்லாமல் காத்துக் கிடக்கிறான் என்று அவர் மனசார நம்பினார்.

“பாருடி, மறுபடியும் கறுப்பு! வச்சி செய்யறான்டி என்ன!”

செஸ்ஸில் வெள்ளைக் காய் கிடைத்தவர் முதலில் நகர்த்தலாம். அதனால் கொஞ்சம் சாதகம், அவ்வளவுதான். இவருக்கோ வெள்ளை கிடைத்தால் ஜெயித்தாயிற்று, கறுப்பு கிடைத்தால் கவிழ்ந்தாயிற்று. வெள்ளையில் ஆடித் தோற்றதெல்லாம் கணக்கிலேயே சேராது. அன்றைக்கு நெட் சரியில்லை, இல்லாவிட்டால் நான் குறுக்கே வந்து பேசிவிட்டேன். கறுப்பு வந்தது மட்டும் ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கும்.

பரிகாரம் வேறு. காலண்டரில் நல்ல நேரம் பார்த்துத் தொடுவார். கிழக்கே திரும்பி உட்காருவார். அப்படியும் கறுப்பு வந்தால் ஆட்டத்தையே ரத்து செய்வார். ஓயாமல் ரத்து செய்தால் ஆப் சும்மா விடுமா? கொஞ்ச நேரம் ஆடவே முடியாதபடி நிறுத்தி வைக்கும். “நான் கண்டுபுடிச்சிட்டேன்னு தெரிஞ்சதும் பூட்டிட்டான் பாத்தியா?” என்பார், ஏதோ துப்பறிந்தவர் மாதிரி. இந்த மூளைக்குத்தான் நான் தினமும் வடித்துக் கொட்டினேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

நான் பிரசவ வார்டு நர்ஸ். வில்லியனூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

“ஏங்க, எங்க வார்டுல ஒரு நாள் முச்சூடும் பொண்ணாவே பொறக்குது. இன்னொரு நாள் வரிசையா பையனாவே பொறக்குது. உள்ள எவனாவது குந்திக்கினு மாத்தி மாத்தியா அனுப்பறான்? அது அப்படித்தாங்க வரும்.”

“அது வேற. இது கம்ப்யூட்டர். உனுக்கு இன்னாடி தெரியும்?”

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். குறை மாதத்தில் பிறந்து மூச்சுக்குத் தவிக்கிற குழந்தையைக் கையில் வாங்கி அழ வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த வேலைக்கே தனியாக ஒரு வருடப் பயிற்சி சென்னையில் இருக்கிறது என்று எங்கள் டாக்டரம்மா என்னைக் கேட்காமலேயே சிபாரிசு செய்திருந்தார். இடம் கிடைத்துவிட்டது. தங்க ஹாஸ்டலும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்கு. எத்தனையோ வருடமாக நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். மகளும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், எனக்கு ஒரு தடையும் இல்லை என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தைரியம் அவருக்கு ஏது? “பூ கட்டிப் பாத்துடலாம். அம்மன் இன்னா சொல்லுதோ அதான்” என்றார்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதிலிருந்து பெண் கொடுப்பது வரைக்கும் இதுதான் கோர்ட். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுத்ததைத்தான் பிரிப்பது வழக்கம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள், அப்படியே வாய்க்காலில் விட்டுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கூரையில்லாத எங்கள் அம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரிக்குக் காய்ச்சல் என்று இவரே பொட்டலம் மடித்து எடுத்து வந்திருந்தார். எடுத்துக் கொடுக்கக் குழந்தை யாரும் கிடைக்காததால் என்னையே எடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கும்பிட்டு எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு அரளி.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. “இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாங்க” என்று கெஞ்சினேன்.

“சாமிய சோதிக்கக் கூடாதுடி. வந்தது வந்ததுதான்.”

வந்தது வந்ததுதானாம்! இந்த வார்த்தையை யார் சொல்வது? ஒரு நாளாவது வந்ததை வந்தபடி வாங்கி ஆடியிருப்பாரா இந்த மனிதர்? எனக்குச் சுரீர் என்றது. முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல், மற்றப் பொட்டலத்தை எடுக்க அவசரமாகக் குனிந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“அத்த தொடாதடி! பிரிக்கக் கூடாது, சாமி குத்தம்!”

பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளிதான்.

அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டி நுனியைப் பார்த்தார். “தோட்டத்துல வெள்ளை கெடைக்கல” என்றார். அம்மன் தலைக்கு மேலேயே வெள்ளை அரளி பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சீ, பொய்யாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டாமா?

“அந்த ஆப்புக்காரன் எவ்வளவோ யோக்கியன்” என்றேன். “நடுநடுவுல வெள்ளையும் குடுத்தான்.”

பிறகு மெல்ல வாய் திறந்தார்.

“நீ போயிட்டா எனுக்கு யாருடி சோறு ஆக்குவா?”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். நான் கோயில் வாசலுக்கு வந்து, சென்னைக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னேன்.